ஆறாம் நம்பர் கட்டில்

“இந்த ஆளை உனக்குத் தெரியுமா?”

பாக்கியத்திடம் ஒருமுறை ஒரு டாக்டர் இப்படிக் கேட்டார். தெரியும் என்றாலும் ஒரு வார்த்தை. தெரியாது என்றாலும் ஒரு வார்த்தை. அவள் என்ன செய்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். விளக்கைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். அணைக்க வேண்டாம்... இறக்கினால் போதும்.

இது நம் இராஜம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவுக்கு நடந்தது. இராஜம்மா பொய் சொல்ல மாட்டாள். சொன்னாலும் புடவை விலையில்தான் சொல்வாள்.

ராத்திரி மணி ரெண்டேகால். மேரு என்கிற ஊருக்குப் போகும் ரோடு, சடக்கு என்பார்கள். கிள்ளானை விட்டு நாலு மைல் தாண்டினால் வீடு வாசல் கிடையாது. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். நடுவில் செம்மண் சடக்கு. அதன் ஓரத்தில், காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெஸரின் வீடு. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பன்னிரண்டு கட்டில் போட்ட தோட்டத்து ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில்தான் அந்தச் சடக்கில் ஒரு விசில் சத்தம் கேட்கும். இரண்டு சின்னது... ஒன்று நீளம். இரண்டு சின்னது... ஒன்று நீளம்.

ரயில் விசில் இல்லை. அது ஒரு மனிதனின் மூச்சு.

பாக்கியத்துக்கு அப்போது பதினேழு வயது. அப்பா அம்மா இல்லை. டிரெஸர் கொர்னேலியஸ் அவளுக்குச் சித்தப்பா. பெண்சாதி செத்துப்போன மனுஷர். கான்வென்டில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தவளை, “சோறாக்க ஆள் இல்ல, படிச்சது போதும்” என்று நிறுத்திவிட்டார். ஆனால் அவள் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் அதை மட்டும் விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு யார் வந்து படுத்தாலும் கட்டில் தலைமாட்டில் ஒரு சீட்டு மாட்ட வேண்டும். பெயர், வயது, நோய். தினமும் சாயங்காலம் பெயர்களைக் கொண்டுவந்து போடுவார். அவள் சீட்டு எழுதி வைப்பாள். கடிதங்களும் அவள்தான் எழுதுவாள். வாய் திறந்து பேசுகிற பெண் இல்லை. எழுதச் சொன்னால் எழுதுவாள்.

கூடத்தில் கண்ணாடி போட்டு ஒரு நற்சான்று தொங்கியது. பெரிய யுத்தத்தின்போது சித்தப்பா பஸ்ராவில் ஆஸ்பத்திரி ரயிலில் டிரெஸராக இருந்தவர். துணிச்சலாக வேலை பார்த்தார் என்று வெள்ளைக்கார அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். அதைக் காட்டித்தான் தோட்டத்தில் இந்த வேலையை வாங்கினார்.

ஒரு நாள் மத்தியானம் வேலிப் பக்கம் அந்த விசில் கேட்டது. பாக்கியம் எட்டிப் பார்த்தாள். கொளுத்துகிற வெயிலில் ஒருத்தர் முழங்கால் வரை தொங்கும் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். ஈரக் கம்பளி வாடை. மழை பெய்து நாலு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் ஈர வாடை.

“டிரெஸர் வீடுதானே தாயி? பக்கிரிசாமின்னு சொல்லு. பஸ்ரா பக்கிரிசாமி. எந்திரிச்சு ஓடி வருவாரு பாரு.”

சித்தப்பா ஓடி வரவில்லை. அவர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டுக்குப் போயிருந்தார்.

பக்கிரிசாமி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கேங்கில் தண்டவாளம் போட்டவர். யுத்தம் வந்ததும் ‘பஸ்ராவுக்கு ஆள் வேண்டும், திரும்பி வந்தால் சர்க்கார் பார்த்துக்கொள்ளும்’ என்றார்கள். போனார். ஒரு ராத்திரி துருக்கிக்காரன் குண்டு ரயில் மேல் விழுந்தது. நெஞ்சில் ஒரு இரும்புத் துண்டு போய் உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்துதான் அந்த விசில்.

“ரொம்பச் சண்டையா மாமா?” என்று பாக்கியம் மெல்லக் கேட்டாள். அவள் ஒரு வெளி ஆளிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

“பஸ்ராவுல ஈகூடத் துப்பாக்கி வச்சிருக்கும் தாயி,” என்று சிரித்தார். சிரித்ததும் மூச்சு வாங்கியது. தூணைப் பிடித்துக்கொண்டார்.

கோட்டில் ஒரு பித்தளைப் பொத்தான் விழுந்திருந்தது. பாக்கியம் வீட்டிலிருந்த ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்து வெள்ளை நூலால் தைத்துக் கொடுத்தாள். கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது. தைக்கும்போதுகூட அவர் கோட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் குளிர் உள்ளே புகுந்துவிடும் என்றார்.

விஷயம் இதுதான். யுத்தத்தில் அடிபட்டவனுக்குச் சர்க்கார் ஒரு கடுதாசி கொடுக்கும். அது இருந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டில் உண்டு. மருந்து உண்டு. சாகும் வரை. ஆனால் அடிபட்டதைக் கண்ணால் பார்த்தவன் ஒருத்தன் சாட்சி எழுத வேண்டும். சாட்சி இல்லையென்றால், உழைக்க லாயக்கில்லாதவன் என்று கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவார்கள். பக்கிரிசாமி ஏழு வயதில் அங்கிருந்து வந்தவர். அங்கே அவருக்கு ஒரு ஈ காக்கைகூடத் தெரியாது.

“பார்த்த ஆள் உங்க சித்தப்பாதான். சர்க்காருக்கு அவர் பேரைக் கொடுத்திருக்கேன். அவருக்குக் கடுதாசி வரும். நீ நல்லா எழுதிக் குடு தாயி. இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே கட்டிலைத் தூக்கிட்டு வந்து வாசல்ல போடுவாங்க.”

போகிற வழியில் ஆஸ்பத்திரி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ஆறாம் நம்பர் கட்டிலின் தலைப்பக்கத்தைச் சாய்வாகத் தூக்கி வைக்கலாம். அது காலியாக இருந்தது.

“அந்தக் கட்டில் போதும். ஆறு வருஷமா உக்காந்துக்கிட்டேதான் தூங்குறேன். படுத்தா அடைக்குது,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு ராத்திரி நான் அடிபட்டு விழுந்ததைப் பார்த்ததும் உங்க சித்தப்பா பயந்து ஈச்சந்தோப்புக்குள்ள ஓடிட்டாரு. விடியற வரைக்கும் எங்களுக்குக் கட்டுப்போட ஆள் இல்ல. விசாரணையில கேட்டாங்க. டிரெஸர் கூடவேதான் இருந்தாருன்னு சொல்லிட்டேன். சின்ன வயசு, பாவம்... நான் யார்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லாத.”

அந்த ஒரு பொய்யில்தான் கூடத்து நற்சான்று தொங்கிக்கொண்டிருந்தது.

பத்து நாளில் சர்க்கார் கடிதம் வந்தது. இந்த ஆளைத் தெரியுமா, எப்போது அடிபட்டான், யார் கட்டுப்போட்டது, காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்ட அன்றைய புத்தகத்தில் ஏன் இவன் பெயர் இல்லை. சித்தப்பா கடிதத்தை நாலு தரம் படித்தார். நற்சான்றை ஒரு தரம் பார்த்தார்.

“எழுது,” என்றார். “இந்த ஆளை எனக்குத் தெரியாது. நான் பார்த்ததே இல்லை.”

பாக்கியத்தின் பேனா நின்றது.

“சித்தப்பா... அவரு வந்தாரே...”

“எழுதுறியா, இல்ல கூலிக்காரங்க லயத்துல போய்க் கிடக்குறியா?”

எழுதினாள். முத்து முத்தாக எழுதினாள்.

அப்புறம் ஒரு மழை ராத்திரி. மணி ரெண்டேகால். சடக்கில் அந்த மூச்சு வந்தது. வேலியைத் தாண்டியது. படி ஏறியது. கதவில் விரல் முட்டிகள் தட்டின. பலமாக இல்லை... மெல்ல.

“டிரெஸரே... ஏதோ தப்பா எழுதிட்டாங்களாம்... தெரியாதுன்னு எழுதியிருக்காம்... நீங்க எழுதியிருக்க மாட்டீங்க... ஒரு வார்த்தை சொல்லுங்க...”

சித்தப்பா விளக்கை ஊதி அணைத்தார். இருட்டில் ஒரு கை வந்து பாக்கியத்தின் வாயைப் பொத்தியது. அயோடின் வாடை அடிக்கிற கை.

“தாயி... நீயாவது சொல்லு... என்னைத் தெரியும்னு சொல்லு...”

இரண்டு சின்னது... ஒன்று நீளம். அது வெகுநேரம் கேட்டது. பிறகு நீளமானது மட்டும். பிறகு மழை மட்டும். அந்தக் கை கடைசி வரை வாயை விட்டு எடுபடவில்லை.

விடிந்ததும் பால்மரம் வெட்டப் போனவர்கள் பார்த்தார்கள். சடக்கோரம், ரப்பர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடியே செத்திருந்தார். மேலே வெறும் பனியன். கோட்டைக் காணோம். அது டிரெஸர் வீட்டு வாசல் ஆணியில் தொங்கியது. ராத்திரி முழுக்க அத்தனை மழை. கோட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

செத்தவனின் விவரத்தை டிரெஸர்தான் எழுத வேண்டும். ‘அடையாளம் தெரியாத ஆள்’ என்று தன் கையாலேயே எழுதினார். தோட்டத்து எல்லையில் புதைத்தார்கள். கோட்டை மட்டும் சித்தப்பா உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். நல்ல கம்பளி, மழைக்கு ஆகும் என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவர் நாலு பெயர் கொண்டுவந்து போட்டார். பாக்கியம் நாலு சீட்டு எழுதினாள். காலையில் ஐந்து சீட்டு இருந்தது. ஐந்தாவதில் ‘பக்கிரிசாமி, கட்டில் ஆறு.’

எழுத்து அவளுடையது. கடைசி எழுத்தின் வாலை மேலே சுழிப்பது அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

“என்னடி விளையாட்டு இது?” சித்தப்பா சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டார். அவள் கன்னத்தில் ஒன்று வைத்தார். “சத்தியமா நான் எழுதல சித்தப்பா,” என்று அழுதாள். மறுநாள் காலையில் மறுபடியும் ஒரு சீட்டு அதிகம். அதற்கு மறுநாளும். அவள் மையையும் பேனாவையும் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அவர் தலையணைக்கடியில் வைத்தாள். காலையில் சீட்டு இருந்தது... மை காயாமல்.

எட்டாம் நாள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். பாக்கியத்துக்கு உயிரே போய்விட்டது. ஆனால் குரல் ஆஸ்பத்திரி ஆயா நல்லம்மாளுடையது.

“டிரெஸரையா! ஆறாம் நம்பர் கட்டில் காலிதானே? யாரைப் படுக்க வச்சீங்க?”

“யாரையும் வைக்கல. போய்த் தூங்கு.”

“காலிக் கட்டில் அமுங்கிக் கிடக்குது ஐயா! தலைப்பக்கத்தை யாரோ தூக்கி வச்சிருக்காங்க. விசிலடிக்கிற மாதிரி மூச்சு கேக்குது. தலைமாட்டுல சீட்டு வேற தொங்குது. எனக்கா படிக்கத் தெரியும்?” என்று ஒரு சீட்டை நீட்டினாள்.

சித்தப்பா அதைப் படிக்கவில்லை. வாங்கிக் கசக்கினார். உள்ளே ஆணியில் தொங்கிய கம்பளிக் கோட்டை மழைக்காக மாட்டிக்கொண்டார். சீட்டைப் பையில் திணித்தார். லாந்தரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

“நீ இங்கேயே இரு நல்லம்மா. போய்ப் பார்த்துட்டு வரேன். பேயாம், பிசாசாம்...”

இரண்டு பெண்களும் வாசலில் நின்று பார்த்தார்கள். லாந்தர் வெளிச்சம் ஆடி ஆடி ஆஸ்பத்திரியை நெருங்கியது. படியருகே நின்றது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு உள்ளே போகாமல் திரும்பியது. கிள்ளான் பக்கமாக, சடக்கோடு நடக்க ஆரம்பித்தது.

அந்த வெளிச்சத்திலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. இரண்டு சின்னது... ஒன்று நீளம்.

நல்லம்மாள் பாக்கியத்தின் கையை இறுக்கிப் பிடித்தாள். “உங்க சித்தப்பாவுக்கு எப்பலேருந்து இழுப்பு?”

அவருக்கு இழுப்பே கிடையாது.

மூன்று நாள் அவரைத் தேடினார்கள். நாலாம் நாள் போலீஸ்காரர் ஒருத்தர் வந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாலத்தடியில், கேங் ஆட்கள் படுக்கிற இடத்தில், ஒரு ஆள் உட்கார்ந்தபடியே கிடந்தானாம். பேச்சு வரவில்லையாம். கோட்டுப் பையில் இந்தத் தோட்டத்துச் சீட்டு இருந்ததாம். அதை எழுதியவர் வந்து அடையாளம் சொல்ல வேண்டும் என்றார்.

கோலாலம்பூரில் ஒரு ஆஸ்பத்திரி. நீளமான கூடம். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருத்தர் அவளைக் கட்டிலருகே கூட்டிக்கொண்டு போனார்.

கார்பாலிக் வாடைக்கு மேல் ஈரக் கம்பளி வாடை. “கோட்டைக் கழற்ற நாலு பேர் பார்த்தம், முடியேல்லை,” என்றார் டாக்டர். தலைமாட்டில் கசங்கிய சீட்டு தொங்கியது. பக்கிரிசாமி. அவளுடைய கையெழுத்து.

கோட்டில் எல்லாம் பித்தளைப் பொத்தான்கள். ஒன்று மட்டும் கறுப்பு... வெள்ளை நூல்.

கோட்டுக்குள் இருந்தது கொர்னேலியஸ் சித்தப்பா. முகம் வற்றியிருந்தது. ஆனாலும் அவர்தான். அவளைப் பார்த்ததும் கண் இரண்டும் விரிந்தன. உதடு ‘பாக்கியம்’ என்று அசைந்தது. சத்தம் வரவில்லை. விசில்தான் வந்தது.

“இந்த ஆளை உனக்குத் தெரியுமா?”

அவள் வாயில் அயோடின் கசந்தது.

“சொல்லு பிள்ளை. தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லையெண்டால் திங்கட்கிழமைக் கப்பலில் ஏத்திவிடுவினம். தெரியுமா?”

சித்தப்பாவின் கை மெல்ல எழுந்து அவள் பாவாடை நுனியைப் பிடித்தது. பாக்கியம் அந்தக் கையைப் பார்த்தாள். விரல் விரலாகப் பிரித்துக் கட்டில் மேல் வைத்தாள். குனிந்தாள். அவிழ்ந்து கிடந்த கறுப்புப் பொத்தானை, குளிர் உள்ளே போகாதபடி, பதமாகப் போட்டுவிட்டாள்.

பிறகு திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் இரண்டு சின்னது... ஒன்று நீளம். கூடத்தின் கடைசிக் கதவு வரை அது கூடவே வந்தது. பாக்கியம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியே போனாள்.