அன்புள்ள நாய் வீடு

– ...இன்னொரு தடவை படி. எனக்குச் சரியாக் கேக்கல.

– நல்லாவே கேட்டுச்சு மாமா உங்களுக்கு.

– படி மச்சான். இந்த ஸ்டோர் ரூம்ல நம்ம ரெண்டு பேரும் பெயின்ட் டப்பாவும்தான். வெக்கப்படாத.

– "அன்புள்ள நாய் வீடு அவர்களுக்கு, தங்கள் சுவர்களுக்கு வண்ணம் பூசும் வாய்ப்பை எங்களுக்கு அளித்தமைக்கு நன்றி. தங்கள் நலன் அறிய ஆவல்."

– நலன் அறிய ஆவலாம்! யாரோட நலன்? அந்த வீட்டு அம்மாவோடதா, நாயோடதா?

– அது சாப்ட்வேர் எழுதி அனுப்பின மெசேஜ் மாமா. பேரு மட்டும்தான் நம்மளுது.

– பேருதானே மச்சான் இப்போ நாறுது.

– நான் என்ன செய்ய? ஒரு கஸ்டமரையாவது நாம பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கோமா? நான் வேலைக்கு வந்த அன்னைக்கே, "நாய் வீட்டுல ப்ரைமர் அடி, கோணல் ஜன்னல் வீட்டுச் சுவத்துல பட்டி பாரு"ன்னு அனுப்பினது யாரு? போன்லயும் அப்படியே ஏத்தி வெச்சேன். இந்த சாப்ட்வேர், "போன்ல இருக்கிறவங்களை எல்லாம் சேர்த்துக்கவா"ன்னு கேட்டுச்சு. சரின்னேன். "எல்லாருக்கும் வணக்கம் சொல்லவா"ன்னுச்சு. மரியாதைதானேன்னு அதுக்கும் சரின்னுட்டேன்.

– ஓசி டிரையலுக்கே இவ்வளவு மரியாதை. காசு குடுத்தா வீட்டுக்கே போய்த் திட்டிட்டு வரும் போல.

– ...மாமா, காலையில யார் யார் கூப்பிட்டாங்க?

– ஏன், ஒவ்வொருத்தர் கால்லயும் விழப் போறியா?

– சும்மா... தெரிஞ்சுக்கத்தான்.

– கோணல் ஜன்னல் கூப்பிட்டார். "இத்தனை நாளா அது நேரா இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேனே"ன்னார். டேப்பை எடுத்து அளந்துட்டிருக்காராம், பாவம்.

– வேற?

– மாமியார் மருமக சண்டை வீட்டுல இருந்து ரெண்டு பேரும் தனித்தனியாக் கூப்பிட்டாங்க. சண்டையை யாரு ஆரம்பிச்சதுன்னு மெசேஜ்ல ஏன் போடலைன்னு கேட்டாங்க.

– கஞ்சப் பிசினாறி?

– அவர் கூப்பிடல.

– கோவமா இருக்கும்...

– மிஸ்டு கால் குடுத்தார்.

– ...வேற யாரும் இல்லையே?

– இருக்கே. சிடுமூஞ்சி.

– அய்யய்யோ.

– "அன்புள்ள சிடுமூஞ்சி அவர்களுக்கு." என் போனுக்கே வந்துச்சு மச்சான். உங்க அக்காதான் வாசிச்சுக் காட்டினா. வாசிச்சுட்டு, என் முன்னாடி சிரிக்கக் கூடாதுன்னு சமையலறைக்குப் போயி சிரிச்சா. அங்க ஒரு பாத்திரம் விழுந்துச்சு.

– அது... பழைய பேரு மாமா. மாத்தணும்னு இருந்தேன்.

– இருக்கட்டும். உங்க வீட்டுல எனக்கு வெச்ச பேருங்கள்ல இதுதான் கொஞ்சம் நல்லா இருக்கு.

– சரி, விஷயத்துக்கு வாங்க. இன்னைக்கு சாயங்காலத்தோட டிரையல் முடியுது. எதை வாங்கறதுன்னு இப்பவே சொல்லணும். இல்லன்னா ஏத்தினது பூரா அழிஞ்சிடும்.

– அழியட்டும். எல்லாம்தான் உன் மண்டையில இருக்கே. எந்த வீட்டுக்கு எந்தக் கலரு, எந்த ஏணி எங்க நிக்குது, நாளைக்கு எவன் வயித்து வலின்னு சொல்லுவான்... மாசக் கட்டணம் இல்லாத சாப்ட்வேர்டா நீ.

– என் மண்டையை நம்பியே எத்தனை நாள் ஓட்டுவீங்க? எனக்குக் காய்ச்சல் வந்தப்போ என்ன ஆச்சு? பச்சை அடிக்க வேண்டிய வீட்டுல ஆரஞ்சு அடிச்சீங்க.

– அவங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு.

– அவங்க அழுதாங்க மாமா.

– பிடிச்சுப்போய் அழுதாங்க.

– கேளுங்க. மூணு சாப்ட்வேர் பார்த்து வெச்சிருக்கேன். முதலாவது முழுக்க ஓசி.

– முடிஞ்சுது. அதுதான். வா, வேலைக்குப் போகலாம்.

– ஓசின்னா விளம்பரம் வரும். நேத்து ஒரு பையனை விட்டுப் பார்க்கச் சொன்னேன். சாரத்து மேல நின்னுக்கிட்டு கலர் நம்பரைத் தேடினா, முதல்ல முடி கொட்டுறதுக்கு எண்ணெய் விக்கிறான். அதை முழுசாப் பார்த்தாத்தான் நம்பரைக் காட்டுவான்.

– அதான் அவன் மேல நின்னு தலையைத் தடவிட்டே இருந்தானா! நான் ஏதோ வேண்டுதல்னு நினைச்சேன்.

– ரெண்டாவது, பெரிய பெரிய கட்டடக்காரங்களுக்கு. எடுத்ததும், "உங்கள் நிறுவனத்தில் எத்தனை துறைகள்?"னு கேக்குது.

– வேன் ஒரு துறை. வேனைத் தள்ளுறது ஒரு துறை.

– விலையும் அந்த லட்சணம்தான். மாசா மாசம் ஒரு பெயின்டர் சம்பளம்.

– அது பட்டி தேய்க்குமா?

– எப்படி மாமா தேய்க்கும்?

– அப்போ பெயின்டரே வரட்டும். அவனாவது டீ வாங்கிட்டு வருவான்.

– மூணாவது, நாம இப்போ டிரையல்ல வெச்சிருக்கிறது. ஒரு டப்பா ப்ரைமர் காசுதான். வேலை, எஸ்டிமேட், பில்லு எல்லாம் ஒரே இடத்துல. வணக்கம் சொல்ற பொத்தானை அணைச்சுட்டேன், இனி வாயைத் திறக்காது. ஒரே ஒரு குறை... ரெண்டு பேருதான் உள்ள போக முடியும்.

– ரெண்டு பேருன்னா, நானும் நீயும்.

– நீங்களும் அக்காவும்.

– ஏன், உனக்கு என்ன வந்துச்சு?

– எனக்குத்தான் மண்டையிலயே இருக்கே. அக்கா நல்லா டைப் பண்ணுவாங்க. நீங்களும் சும்மா... அய்யோ, விரலை எடுங்க மாமா, உங்க விரலுக்கு போன் அசையாது. பெயின்ட் காஞ்சு ஓடு மாதிரி இருக்கு. தின்னர்ல துடைச்சுட்டுத் தொடுங்க.

– துடைக்கறேன். அதுக்கு முன்னாடி இதைச் சொல்லு. ஒரு வாரமா உக்காந்து ஏத்திட்டே இருக்கியே, வேன் சாவியை எந்த ஆணியில மாட்டணும்னு கூட ஏத்தியிருக்க. எதுக்கு?

– ஒழுங்கா இருக்கட்டும்னுதான்.

– "பெரிய ஏணியில மூணாவது படி ஆடும், பார்த்து ஏறவும்." இதுவும் ஒழுங்குக்கா?

– ஆடுதுல்ல? நீங்க எப்பவும் மறந்துடறீங்க.

– மறப்பேன். நீதான் கீழ நின்னு கத்துவியே.

– ...நேரம் ஆகுது மாமா. காசைக் கட்டிடலாம்.

– கட்டலாம். இன்னும் ஒரே ஒரு அன்புள்ள பாக்கி இருக்கு.

– ...யாரு?

– காலையில ஒருத்தர் கூப்பிட்டார். நல்ல மனுஷன், பதமாப் பேசினார். "உங்க கம்பெனியில இருந்து மெசேஜ் வந்துச்சு. நான் உங்களுக்கு வேலையே குடுக்கலையே. அது போகட்டும், நான் எப்போ இருந்துங்க உங்களுக்குப் புது முதலாளி?"ன்னார். அன்புள்ள புது முதலாளி அவர்களுக்கு. தங்கள் நலன் அறிய ஆவல்.

– மாமா...

– பெயின்ட் குடோனாமே? மாசச் சம்பளமாமே? தலைக்கு மேல ஃபேன் கூட உண்டாமே?

– சொல்லணும்னுதான் இருந்தேன். சத்தியமா. இது உங்க கைக்குப் பழகினதும் சொல்லலாம்னு... அப்படியே விட்டுட்டுப் போனா எல்லா வீட்டுக்கும் ஆரஞ்சு அடிச்சுடுவீங்களேன்னு... அவர்கிட்ட என்ன சொன்னீங்க?

– ஆளு எப்படின்னு கேட்டார். வாய் நீளம், உங்களுக்கும் சீக்கிரம் ஒரு பேரு வெப்பான்னேன்.

– வேற?

– அவன் மண்டைக்குள்ள உங்க குடோனை மாதிரி நாலு குடோன் இருக்கு, சம்பளத்தைக் கூட்டிக் குடுங்கன்னேன்.

– ...கோவமா மாமா? அதான் காசு கட்டாம காலையில இருந்து இழுத்தடிக்கறீங்களா?

– கட்டாமலா? போன் வந்த கையோட உங்க அக்கா ஒரு வருஷத்துக்குக் கட்டிட்டா மச்சான். உள்ள போற ரெண்டு பேரு, நானும் அவளும்தான். நீ என்னைத் திட்டறதை இன்னும் கொஞ்ச நேரம் கேக்கலாமேன்னுதான் டப்பா மேல உக்காந்திருந்தேன்... சரி, எந்திரி, சுத்தியலை எடு. அந்த மூணாவது படிக்கு இன்னைக்காவது ஆணி அடிச்சுடுவோம்.