கட்சி மாறும் கணினி

கடைக்காரம்மா: ...அப்ப மறுபடி விண்டோஸுக்கே போகணும்ங்கிறீங்க.

ரயில்காரர்: ஆமாம்மா. மனசு மாறிடுச்சு.

கடைக்காரம்மா: போன வாரம்தானே சார் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன்? "இனி சாகற வரைக்கும் இதுதான்"னு சொல்லிட்டுப் போனீங்க.

ரயில்காரர்: நான் இன்னும் சாகலையே. அது என் தப்பா?

கடைக்காரம்மா: அதுக்கு முந்தி விண்டோஸ். அதுக்கும் முந்தி லினக்ஸ். தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறறவங்களே உங்ககிட்ட வந்து ட்யூஷன் எடுத்துக்கணும். சரி, லினக்ஸ் மேல என்ன புகார்?

ரயில்காரர்: குளிருது.

கடைக்காரம்மா: என்னது?

ரயில்காரர்: லினக்ஸுக்குச் சின்னமா ஒரு பென்குயின் வருதே, அதை உள்ள விட்ட நாள்லேருந்து ரூம்ல ஒரே குளிர். ஃபேன் போடறதே இல்ல. நேத்து தண்ணி ஜக்குல மேலாப்புல ஐஸ் கட்டியிருந்துது. பக்கத்து வீட்டுக்காரன் மீன் வாங்கினா என் ரூம்ல கொண்டுவந்து வெச்சுட்டுப் போறான்.

கடைக்காரம்மா: விண்டோஸ் இருந்தப்ப என்ன புகார் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

ரயில்காரர்: விண்டோஸைக் குத்தம் சொல்லக் கூடாதும்மா, என் மெஷின் கிழம். "அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்"னு போட்டுது. சரின்னு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன். முப்பது சதவீதம். அந்தக் கல்யாணப் பொண்ணுக்குக் குழந்தை பொறந்து, பேர் வைக்கப் போயிட்டு வந்தேன். முப்பத்தொண்ணு.

கடைக்காரம்மா: அந்தக் குழந்தை இப்ப என்ன பண்ணுது?

ரயில்காரர்: கம்ப்யூட்டர் படிக்குது. இனிமே அதுகிட்டதான் காட்டணும் போல. நீங்கதான் ஊரை விட்டே போறீங்களாமே...

கடைக்காரம்மா: ...யார் சொன்னது?

ரயில்காரர்: எதிர்ல ஜெராக்ஸ் கடைக்காரன். அவன் மெஷின்ல பேப்பர் மாட்டிக்கும், வாய் மட்டும் மாட்டிக்காது.

கடைக்காரம்மா: அக்கா கூப்பிடறா சார். அவ வீட்டுக்குக் கீழ ஒரு ரூம் காலியாம். இப்ப கொஞ்ச நேரத்துல போன் பண்ணுவா. சரின்னு சொன்னா டிக்கெட் போட்டுடுவா.

ரயில்காரர்: சொல்லப் போறீங்களா?

கடைக்காரம்மா: அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுங்க... அது இல்ல, மஞ்சப் பிடி. ம்... சொல்லாம என்ன பண்றது? கடை திறந்ததுலேருந்து மூடற வரைக்கும் மெஷினோடதான் பேசறேன். நேத்து ஒரு பிரிண்டரைப் பார்த்து "சாப்பிட்டியா"ன்னு கேட்டுட்டேன்.

ரயில்காரர்: என்ன சொல்லுச்சு?

கடைக்காரம்மா: பேப்பர் இல்லைன்னுச்சு.

ரயில்காரர்: பாவம்... உங்க அக்கா என்ன சிஸ்டம்?

கடைக்காரம்மா: இப்ப அதுவா முக்கியம்?

ரயில்காரர்: ஒருத்தர் மெஷின்ல என்ன ஓடுதுன்னு சொல்லுங்க, அவங்க குணத்தைச் சொல்லிடறேன்.

கடைக்காரம்மா: அக்கா ஆப்பிள்.

ரயில்காரர்: பார்த்தீங்களா! துடைச்சுத் துடைச்சு வெப்பாங்க. யாரையும் மூடியைத் திறக்க விடமாட்டாங்க. நீங்களோ எதையும் கழட்டிப் பார்த்தாதான் தூங்கற ஆள். அங்க போய் எப்படி இருப்பீங்க?

கடைக்காரம்மா: எங்க அக்காவை எதுவும் சொல்லாதீங்க!

ரயில்காரர்: நான் மெஷினைச் சொன்னேன்.

கடைக்காரம்மா: சரி, உங்க குணம் எது? இன்னிக்காவது முடிவாச் சொல்லுங்க.

ரயில்காரர்: விண்டோஸ்தாம்மா. ஆயுசு பூரா ரயில் ஓட்டினவன். "அடுத்து, அடுத்து, அடுத்து"ன்னு அழுத்திட்டே போனா ஊர் வந்துடணும். நடுவுல யாரும் கேள்வி கேட்கப்படாது. உங்களுக்கு மட்டும் லினக்ஸ் மேல ஏன் அவ்வளவு ஆசை?

கடைக்காரம்மா: அது மனசுல வெச்சுக்காது சார். ஒரு காரியம் ஆகலைன்னா, ஏன் ஆகலைன்னு பக்கம் பக்கமா எழுதிக் காட்டிடும். படிக்கத்தான் கஷ்டம். ஆனா சொல்லிடும். "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது"ன்னு மொட்டையாச் சொல்லிட்டு மூஞ்சைத் திருப்பிக்கற ஆளோட ஒரு ஆயுசு குடும்பம் நடத்தியாச்சு. அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு. போதும்.

ரயில்காரர்: யோசிக்கறேன்.

கடைக்காரம்மா: யோசிங்க. இதோ, உங்க டிஸ்க்கைக் கழட்டி என் மெஷின்ல மாட்டியாச்சு... அடடே. மெஷின் எழுந்திருக்கத் தேவையான ஃபைல் ஒண்ணுகூட இல்லையே. வழிச்சுத் துடைச்ச மாதிரி இருக்கு. எப்படிப் போச்சு?

ரயில்காரர்: இடி இடிச்சுது.

கடைக்காரம்மா: இந்த வாரம் பூரா வெயிலு.

ரயில்காரர்: வெயில்ல இடிச்ச இடி. அதான் இவ்வளவு சேதம்.

கடைக்காரம்மா: கெட்டிக்கார இடி சார். பேத்தி போட்டோவை எல்லாம் ஓரமா வேற பிரிவுல பத்திரமா காப்பி எடுத்து வெச்சுட்டு, அப்புறமா இடிச்சிருக்கு. பாஸ்வேர்டு போடாம லினக்ஸ்ல இந்த மாதிரி ஃபைலை அழிக்க முடியாது. இடிக்குப் பாஸ்வேர்டு சொன்னது யாரு?

ரயில்காரர்: காப்பி எடுத்தது தப்பாப் போச்சு.

கடைக்காரம்மா: எடுக்காம இருந்திருந்தா உங்களை இந்தக் கடைப் படி ஏற விட்டிருக்க மாட்டேன். சொல்லுங்க. என்ன நடக்குது? பக்கம் பக்கமாச் சொல்லணும்.

ரயில்காரர்: ...முதல் தடவை நிஜமாவே கெட்டுச்சும்மா. சத்தியமா. நீங்க சரி பண்ணிக் கொடுத்தீங்க. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன், ஓடுது. மறுநாளும் ஓடுது. அதுக்கு மறுநாளும். எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.

கடைக்காரம்மா: ஓடினா நல்லதுதானே?

ரயில்காரர்: ஓடற மெஷினைத் தூக்கிட்டு எந்த மூஞ்சியோட இங்க வரது? சரி, கெடுக்கலாம்னு பார்த்தா, நீங்க போட்டுக் கொடுத்தது லேசுல கெடவும் மாட்டேங்குது. அப்புறம் லைப்ரரில உக்காந்து தலகாணி மாதிரி ஒரு லினக்ஸ் புஸ்தகத்தை முழுசாப் படிச்சேன். அவனவன் பொழைக்கப் படிப்பான். நான் கெடுக்கப் படிச்சேன்.

கடைக்காரம்மா: அட கடவுளே...

ரயில்காரர்: ஒரே மாதிரி கெடுத்தா சந்தேகம் வருமேன்னு, தினுசு தினுசா...

கடைக்காரம்மா: அன்னிக்கு வலது பக்க ஸ்பீக்கர்ல மட்டும் சத்தமே வராம இருந்துதே?

ரயில்காரர்: அது எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது. என் சொந்த சரக்கு.

கடைக்காரம்மா: பாவி மனுஷா! அதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு!

ரயில்காரர்: ஆகணும்னுதான். நடுவுல "ஆச்சாம்மா"ன்னு ஒரு தடவை எட்டிப் பார்க்கலாமே.

கடைக்காரம்மா: இதுக்கு நேரா வந்து நாலு வார்த்தை பேசியிருக்கலாம்ல?

ரயில்காரர்: அதுக்கு "அடுத்து"ன்னு ஒரு பட்டன் இருந்திருந்தா அழுத்தியிருப்பேன்.

கடைக்காரம்மா: இப்ப அழுத்துங்க. அக்கா கூப்பிடற நேரம்.

ரயில்காரர்: ...போகாதீங்க.

கடைக்காரம்மா: அவ்வளவுதானா?

ரயில்காரர்: அந்த ஸ்டூல் சும்மாத்தானே கிடக்கு... நான் வந்து உக்காந்துக்கறேன். இவ்வளவு கெடுக்கத் தெரிஞ்சவனுக்குச் சரி பண்ணவும் வராமலா போகும்? விண்டோஸ்காரங்க வந்தா நான் பார்த்துக்கறேன், லினக்ஸ்காரங்களை நீங்க பாருங்க. ஆப்பிள்காரங்க வந்தா ரெண்டு பேருமாச் சேர்ந்து உக்காந்து முழிப்போம். அப்புறம்... சாப்பிட்டியான்னு அந்தப் பிரிண்டரை இனிமே கேட்காதீங்க. என்னைக் கேளுங்க. அதோ, போன் அடிக்குது.

கடைக்காரம்மா: காது கேட்குது, இருங்க... ஹலோ. ஆமாக்கா... இல்ல, டிக்கெட் போடாத. ...ஆமா, அவரேதான். ...ம், இப்பத்தான், ஒருவழியா வாயைத் திறந்தாரு. ...சீ, என் மனசுல இருக்கறதை நான் எங்க சொன்னேன்? ஒவ்வொரு தடவையும் மெஷினுக்குள்ள ஒரு வயரை லேசாத் தளர்த்தி விட்டுத்தான் கொடுத்தனுப்பறேன், பத்துப் பதினஞ்சு நாள்ல தானா நின்னு, திரும்பி வரட்டும்னு. அது நிக்கறதுக்குள்ள இவரே கெடுத்துட்டு வந்து நிக்கறாருக்கா, பொறுமையே இல்லாம! ...இல்லல்ல, அதை இன்னும் அவருகிட்ட சொல்லல. ...ஆமா, எதிர்லதான் உக்காந்திருக்காரு.