அராசெலிக்கு இடித்த புதினா

புதினாவை அரைக்கக் கூடாது. மர உரலில் போட்டு இரண்டு தட்டுத் தட்டினால் போதும். அரைத்தால் தெரெரே, எங்கள் குளிர்ந்த இலைப்பானம், கசந்துவிடும். எங்கள் பரகுவாரி ஊரில் பிறந்த எவருக்கும் இது தெரியும், அதிகாரி அம்மா. நான் அரைத்தேன். கசப்புக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

என் பெயர் எலாடியோ இன்ஸ்ஃப்ரான். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் இந்தக் காவல் நிலையப் படி ஏறியதில்லை. மகள் மிர்த்தா ஸ்பெயினில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனதிலிருந்து, பேத்தி அராசெலி என் பொறுப்பு. பதினாறு வயது.

செஸ்பி என்கிற அந்த மலிவான போதைப் புகையில் எங்கள் தெருவின் மூன்றாவது வீட்டுப் பெரிய பையன் விழுந்தான். அவன் தம்பி டெர்லிஸ் அராசெலியின் நண்பன். சனிக்கிழமைதோறும் டெர்லிஸ் தன் கூட்டாளிகளை அழைத்துப்போய் அண்ணனைப் பார்க்க வைப்பான். பல் கொட்டி, தாயின் காஸ் சிலிண்டரையும் விற்றுவிட்டு அழுதுகொண்டிருக்கும் அண்ணனை. அராசெலியும் போனாள். கண்டித்தேன்.

“அவரப் பாத்துட்டு வந்தா எவனுக்கும் தொடத் தோணாது தாத்தா. டெர்லிஸ்தான் எங்களுக்குக் காவல்” என்றாள்.

உண்மைதான். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் தொட்டதில்லை, நான் மறுக்கவில்லை. ஆனால் இன்ஸ்ஃப்ரான் வீட்டுப் பெண் போதைக்காரன் வீட்டு வாசலில் நிற்பதை ஊர் பார்த்தது.

பூட்டி வைத்தேன், ஜன்னல் வழியாகப் போனாள். என் மனைவி கடைசி நாட்களில் சாப்பிட்ட தூக்க மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. தீர்ந்தபோது, பழகிய மருந்துக்கடைக்காரர் மேலும் கொடுத்தார். ஐஸ் தண்ணீர், புதினா, மாத்திரை. மதியம் கூஜாவை அவள் அறையில் வைப்பேன். குடித்தாள், படுத்தாள். நான்கு மாதம் எங்கும் போகவில்லை. நல்ல அடக்கம் என்றார்கள் ஊரில்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. தெரெரேயை எங்களில் யாரும் மனமாரத் தனியாகக் குடிப்பதில்லை. ஒரு கொம்புக் குவளை, ஒரு உறிஞ்சுகுழல், கைமாறிக் கைமாறிச் சுற்றி வர வேண்டும். ஒரு நாள் மதியம் டெர்லிஸ் அவளைத் தேடி வந்தான். அவள் கூஜாவைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போனாள். நான் ஜன்னலில் நின்றேன்.

“என்ன தாத்தா, இலையோட உங்க கோவத்தையும் சேத்து இடிச்சிட்டீங்களா? இவ்ளோ கசக்குது” என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“பிடிக்கலன்னா நன்றி சொல்லு.” நன்றி சொன்னால் இனி ஊற்ற மாட்டார்கள். அதுதான் எங்கள் வழக்கம்.

“உங்க வீட்டுல மொத தடவ குடிக்கிறேன். அவ்ளோ சீக்கிரம் சொல்லிடுவேனா?”

ஏழு முறை குடித்தான். நான் எண்ணினேன்.

மோட்டார்சைக்கிளைக் கிளப்பும்போது அவன் கால் இரண்டு முறை நழுவியது. நில் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பான். கேட்டால் என் வீட்டுக் கூஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோழிகளுக்குத் தீனி வைக்கப் போய்விட்டேன். நெடுஞ்சாலையில், எதிரே வந்த மரலாரியில் மோதி இறந்தான்.

ரத்தத்தில் மருந்து இருந்ததாம். அண்ணன் போன வழி என்றது ஊர். அவன் தாய் போர்ஃபிரியா என்னிடம் வந்தாள்.

“எம்பிள்ள எதையும் தொட்டதில்ல ஐயா. கடைசியா உங்க வீட்டுலதான் உக்காந்திருந்தான். நீங்க ஒரு வார்த்த சொன்னா ஊரு நம்பும்.”

அவளை உட்காரச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. பிள்ளை வளர்ப்பது பற்றிச் சிறிது பேசி அனுப்பிவைத்தேன்.

அவன் போனபின் அந்தக் கூட்டம் கலைந்தது. இரண்டு பேர் செஸ்பிக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவர்களைப் பற்றி நான் நினைத்தது சரிதான்.

அராசெலி இப்போது விடிந்ததும் கூஜாவைக் கேட்கிறாள். தாமதமானால் கை நடுங்குகிறது, சுவரில் தலையை மோதுகிறாள். மாத்திரையைக் கூட்டியிருக்கிறேன். விடுமுறையில் வந்த மிர்த்தா அதைப் பார்த்துப் பயந்து உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எல்லாம் பெரிதாகத் தெரியும். அவள் எழுதியது அத்தனையும் உண்மை, கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் முடியுங்கள், அதிகாரி அம்மா. மணி இரண்டாகப் போகிறது. நான் போய் மதியக் கூஜாவைக் கொடுக்காவிட்டால் பிள்ளை தெருவுக்கு இறங்கி, கண்டதையும் வாங்கிப் பழகிவிடுவாள்.