பதினோராவது மாற்றம்

எனக்குச் சூப் பிடிக்காது. அதனால்தானோ என்னவோ, எங்கள் பேரங்காடியின் சொந்தத் தயாரிப்பான கோழி சூப் பொடியைப் பதற்றமில்லாமல் மாற்றியமைக்க என்னால் முடிந்தது. என் பதவி ‘சுவைப் புத்தாக்கத் தலைமை ஆலோசகர்’. கதவில் அதை எழுத இரண்டு பலகை தேவைப்பட்டது.

எங்கள் முறை எளியது, ஐயா. விசாரணை அதிகாரியான உங்களுக்கே பிடிக்கும். மூன்று கிண்ணம் வைப்போம். இரண்டில் பழையது, ஒன்றில் புதியது. சுவை பார்ப்பவர்கள் இருபத்து நான்கு பேர். பெரும்பாலோர் புதியதைக் கண்டுபிடிக்காவிட்டால் மாற்றம் தேறியது. பழையது என்றால் முதன்முதலில் செய்தது அல்ல. போன தடவை மாற்றியது. இப்படிப் படிப்படியாகக் கோழியை வெளியே அனுப்பினோம். முதலில் இறைச்சி போனது, பிறகு எலும்புச் சாறு. எட்டாவது மாற்றத்தில், இறகுக் குருத்து ஒட்டிய தோலை வேகவைத்து அரைத்த சாம்பல்நிறக் கூழ் உள்ளே வந்தது. கொதிக்கும்போது நனைந்த நாயின் வாடை வரும். உலர்ந்தால் பொடிதானே. “மக்களின் நாக்கே நம் நீதிபதி” என்று இயக்குநர் மேடையில் முழங்கினார். அவர் வீட்டில் சூப் வைக்கத் தனியாக ஆள் இருக்கிறார்.

பதினோராவதில், சோளமாவுக்குப் பதில் எண்ணெய் பிழிந்த வேர்க்கடலைச் சக்கை. குழுவில் ஓர் அம்மாள், நாங்கள் ‘மூக்கம்மா’ என்போம், கிண்ணத்தை முகர்ந்ததுமே தள்ளி வைத்தார்.

“சார், இது வேர்க்கடலை. அட்டையில கடலை இல்லைன்னு போட்டிருக்கே?”

“மத்த இருபத்துமூணு பேருக்கும் மூக்கு இல்லையாம்மா?”

“இருக்கு சார். சளி பிடிச்சிருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மறுவாரம் அவரைப் பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றினேன். ஒருவர் பேச்சைக் கேட்டு, அச்சாகிவிட்ட அட்டைகளையெல்லாம் கிழிக்க முடியுமா? அச்சடித்தபோது அந்த வாசகம் உண்மையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். “என் பொண்ணுக்கு வேர்க்கடலை ஆகாதுங்க. போன தடவை உங்க சூப்பைக் குடிச்சதும் உதடு வீங்கிடுச்சு. ஏதாவது மாத்தியிருக்கீங்களா?”

“ஒண்ணும் மாத்தலைம்மா. தைரியமா குடுங்க.”

வித்தியாசமே இல்லை என்று தேறிய பொருளை மாறிவிட்டது என்று சொல்வதல்லவா பொய்? மனம் கேட்காமல், அன்பளிப்பாக நான்கு பொட்டலம் அனுப்பினேன். வாழ்த்து அட்டையில் நானே கையெழுத்திட்டேன்.

சக்கை கலந்தது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அது ஆகாது என்பதும் தெரியும். ஆறு வயதாம். தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். “அட்டையைப் படிச்சுப் பாத்துத்தான் குடுத்தேன்” என்று தாய் உங்களிடம் சொல்லியிருக்கிறார். பொறுப்பான பெண்மணி.

அவர் பிரித்தது ஒரு பொட்டலம்தான். மீதி மூன்றும் இதோ உங்கள் மேசையில் இருக்கின்றன. கொஞ்சம் வெந்நீர் கொண்டுவரச் சொல்லுங்கள், ஐயா. நீங்களே குடித்துப் பாருங்கள். வித்தியாசமே தெரியாது.