நீதியரசருக்கு முன்னால் நடந்தவன்

கொடைக்கானலில் காப்பியை ஆற்றிக் குடிக்கிற வழக்கமே கிடையாது. கொண்டுவந்து வைப்பதற்குள் அதுவே ஆறிவிடும். நீங்களும் குடியுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. எல்லாவற்றையும் சொல்கிறேன்.

உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் சுவாமிநாதன் ஐயாவுக்குப் பதினான்கு வருடம் டவாலியாக இருந்தேன். வெள்ளிக்கோலைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடப்பது என் வேலை. என்னைக் கண்டதும் வக்கீல்கள் ஒதுங்கி நிற்பார்கள். ஓய்வு பெற்று ஐயா இந்த மலைக்கு வந்தார். மனைவி, பிள்ளை இல்லாதவர். நானும் கூடவே வந்தேன். பார்வை மங்கிய பிறகு என் குரலை நம்பித்தான் எட்டு வைப்பார்.

இந்த வருடம் அவருக்குப் பாராட்டு விழா என்று முடிவானது. ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைப்பதாகவும் பேச்சு. அந்த நேரம் பார்த்து வடகவுஞ்சியிலிருந்து இருளாயி வர ஆரம்பித்தாள். பூண்டு போடுகிற பெண்பிள்ளை. அவள் மகன் பாலமுருகன் கொலை வழக்கில் பதினோரு வருடமாக உள்ளே இருக்கிறான். ஆயுள் தண்டனையை உறுதி செய்தது ஐயா. யாரோ ஏவித்தான் வருகிறாள் என்று எனக்குச் சந்தேகம். கதவோரம் நின்று கேட்டேன்.

"கொலை நடந்த அன்னைக்கு எம்மவன் ஆடலூர்ல மொளகு பறிச்சுக்கிட்டு இருந்தாங்கய்யா. தோட்டக்காரரு சாட்சி சொன்னாருல்ல. அதை ஏன் நீங்க எடுத்துக்கிடல?"

ஐயா வழக்குக் கட்டை வரவழைத்தார். நான்தான் நாலு நாள் வாசித்துக் காட்டினேன். கடைசியில் ஐயா சொல்லச் சொல்ல, அவனை விடுவிக்கக் கேட்டு ஆளுநருக்குக் கடிதம் எழுதினேன். தீர்ப்பு தவறு என்ற வரியும் என் கையெழுத்துதான்.

"இதை விழா மேடையிலயே வாசிச்சிரு, மயிலு," என்றார்.

"இத்தனை வருசப் பேரு போயிருங்கய்யா."

"போனாப் போகுது. அந்தப் பய வெரசா வெளிய வரணும்ல."

அவ்வளவு லேசாகச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் காலை, வழக்கம்போல நடக்கக் கூட்டிப்போனேன். நல்ல மூடுபனி. கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தார் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. கைத்தடி ஏன் வீட்டில் இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நான் இருக்கும்போது தடி எதற்கு என்று வாங்கி வைத்தது நான்தான். மலைப்பாதை வளைவில் தடுப்புக் கம்பி சாய்ந்து கிடப்பது எனக்குத் தெரியும். அங்கே போனதும் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

"நேராவா, மயிலு?"

"நேரா வாங்கய்யா. இன்னும் ரெண்டு எட்டு."

ஒன்றுதான் வைத்தார்.

கடிதத்தைக் கணப்பில் போட்டு எரித்தேன். நாலு நாள் தள்ளி, படம் வைத்து விழா நடந்தது. இருளாயி வந்திருந்தாள்.

"ஐயா எதுவும் எழுதி வச்சாருங்களா?"

"ஒண்ணும் இல்லத்தா."

படத்தைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

கொலையை எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, கையெழுத்துப் போடுகிறேன். கடிதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பாலமுருகன் பதினோரு வருடம் இருந்து பழகியவன். ஐயாவுக்கு அவப்பெயர் பழக்கமில்லை.

வந்ததிலிருந்து என் தோளில் கிடக்கும் சால்வையையே பார்க்கிறீர்கள். விழாவில் எல்லோரும் எழுந்து நிற்க, மேடையில் எனக்குப் போர்த்தினார்கள். ஐயாவுக்கு உரியது. அந்த மரியாதைக்காகத்தான் மூன்று நாளாகக் கழற்றாமல் இருக்கிறேன்.