முழுங்கிக் காட்டிட்டுக் குடு

ரோடும் இல்ல, பஸ்ஸும் இல்ல, அப்படி ஒரு காலம். அந்தக் காலத்துல ஊமக்கரட்டுப்பட்டியில அங்காயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டான். பிள்ளகுட்டி கிடையாது. அவளுக்குன்னு இருந்தது ரெண்டே உசுரு. ஒண்ணு கூடப் பொறந்த தம்பி பெத்தணன். இன்னொண்ணு செவலைன்னு ஒரு நாய். ரெண்டையும் அவதான் தூக்கி வளத்தா. ரெண்டுல எது உருப்படியா வளந்துச்சுன்னு கதை முடிஞ்சதும் நீங்களே சொல்லுங்க.

செவலைக்கு அப்பப் பதினாலு வயசாம். கண்ணுல பூ விழுந்துருச்சு, பின்னங்காலு இழுத்துக்கிச்சு. ஆனா திமிரு மட்டும் இம்மியும் குறையலையாம். எவன் வீட்டு வாசல்ல செருப்பு கிடந்தாலும் தூக்கிட்டு வந்துருமாம், அதுவும் ஒத்தச் செருப்பு. சோடியா எடுத்ததே இல்லையாம். அப்புறம் தலப்பா. தலையில துணி சுத்துன ஆளைக் கண்டா அதுக்கு ஆகவே ஆகாது, கெண்டைக்காலைப் பிடிச்சிரும். அதனால அங்காயி தெருவுக்குள்ள நுழையுற ஆம்பளைக எல்லாம் தலப்பாவை அவுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போவாங்களாம். ஊருக்கே தலைவரான அம்பலகாரரும் அப்படித்தான் போவாராம். ஊரே அதைப் பாத்துச் சிரிக்கும். அவரு மட்டும் சிரிக்கல.

வயசான நாயாச்சே, மூட்டு வலி. அங்காயி பிரண்டையும் சுக்கும் இடிச்சுக் கேப்பைக்களி உருண்டைக்குள்ள வச்சுக் குடுப்பா. ஒரு தடவை ஏமாந்து தின்னுச்சாம். மறுதடவை கிட்டயே வரலையாம். அவ என்ன செஞ்சா, உருண்டையில பாதியைக் கடிச்சுத் தானே தின்னா. செவலை அவ தொண்டையையே பாத்துச்சாம். அவ முழுங்குனதும் "தின்னுடா"ன்னா. மீதிப் பாதியைத் தின்னுச்சாம். ஒரு நா கசப்புத் தாங்காம அந்தப்பக்கம் திரும்பித் துப்பிட்டா. அதையும் கண்டுக்கிச்சு அந்தப் பய நாய். பூ விழுந்த கண்ணு இதுக்கு மட்டும் நல்லாத் தெரியும் போல. மூணு நாளு பட்டினி. அன்னையிலருந்து எவ்வளவு கசந்தாலும் அவ முழுங்கித்தான் காட்டணும். மூஞ்சியைச் சுளிக்கக்கூடாது, துப்பக்கூடாது. முழுங்கணும், "தின்னுடா"ன்னு சொல்லணும், அப்பத்தான் அது தின்னும். இது ஊருல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். தெரியுங்கிறதை மனசுல வச்சுக்கங்க.

இப்படி இருக்கப்ப அம்பலகாரரு மகளுக்குப் பரிசம் போட மேற்கேயிருந்து ஆளுக வர்றாங்க. பத்து வண்டி சனம். அம்புட்டுப் பேரும் தலப்பாக் கட்டு. வர்ற பாதையோ அங்காயி தெரு. அம்பலகாரரு அவளைக் கூப்புட்டு விட்டாராம்.

"நாயை எங்கிட்டாவது கொண்டுபோய் விட்டுரு."

"நடக்க மாட்டாத சீவனை எங்கிட்டு அய்யா விடுறது? வீட்டுக்குள்ள போட்டுக் கதவைச் சாத்திக்கிறேன். சத்தம் கூட வராது."

"சரி"ன்னாராம். சரின்னு சொல்லிட்டுப் பெத்தணனைக் கூப்புட்டாராம். உள்ள என்ன பேசுனாங்களோ, வெளிய வந்தவன் கையில ஒரு களி உருண்டை இருந்துச்சாம்.

நேரா அக்கா வீட்டுக்குப் போனான். "யக்கா, மேற்கத்தி வைத்தியரு ஒருத்தரு குடுத்தாரு. செவலை மூட்டு வலிக்கு நல்லாக் கேக்குமாம். இப்பவே குடுத்துரு."

அங்காயிக்குக் கண்ணு கலங்கிப்போச்சாம். தம்பி இதுவரைக்கும் அந்த நாயை ஏறெடுத்துப் பாத்தது இல்ல. "எம் மேல இருக்குற பிரியத்துல அதுக்கும் மருந்து வாங்கியாந்தியாடா"ன்னு கேட்டாளாம். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "பந்தல் வேலை கிடக்கு, வர்றேன்"னு போயிட்டான்.

அவ உக்காந்தா. செவலையும் வந்து எதுக்க உக்காந்துச்சு. பாதியைக் கடிச்சா. கசப்புன்னா கசப்பு, அப்படி ஒரு கசப்பாம். நாக்கு மரத்துப்போச்சாம். மருந்துன்னா கசக்கத்தானே செய்யும்னு நெனச்சா. துப்புனா செவலை திங்க மாட்டானேன்னு நெனச்சா. நாய் அவ தொண்டையவே பாக்குது. முழுங்குனா. மூஞ்சியைச் சுளிக்காம முழுங்குனா.

"தின்னுடா"ன்னு சொல்ல வாயைத் தொறந்திருக்கா. அப்பத்தான் வயிறு பிடிச்சு இழுத்துச்சாம். அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. சொல்ல வந்ததைச் சொல்லல. மீதி உருண்டையை உள்ளங்கையில வச்சு மூடிக்கிட்டா. அந்த நாய் பாட்டுக்கு அவ சொல்லுவா சொல்லுவான்னு எதுக்கவே உக்காந்து இருந்துச்சாம்.

பந்தக்கால்ல மாவிலை கட்டிக்கிட்டு இருந்தப்பத்தான் பெத்தணனுக்கு நெனப்பு வந்துச்சாம், அக்கா முதல்ல கடிப்பாளேன்னு. ஓடி வந்தேன்னு அவன் சொன்னான். நடந்துதான் வந்தான்னு பாத்தவுக சொன்னாங்க.

அவன் வந்தப்ப அவளுக்குக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. தம்பியைப் பாத்தாளாம். ஏண்டா இப்படிப் பண்ணுனேன்னு கேக்கல. வையவும் இல்ல.

"இனிமே இவனுக்கு நீதான்டா. முழுங்கிக் காட்டிட்டுக் குடு"ன்னாளாம்.

அம்புட்டுத்தான். மூடுன கை மூடுனபடியே கொண்டுபோய்ப் புதைச்சாங்க. பரிசம் ஒரு மாசம் தள்ளிப்போய், வேற பாதையில வண்டி வந்து, சாப்பாடெல்லாம் பிரமாதம்னு சனங்க பேசிக்கிட்டாங்களாம். அம்பலகாரரை ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்கல. நம்ம ஊரு அப்படித்தான், அன்னைக்கும் இன்னைக்கும்.

செவலை ரெண்டு நாளு பச்சத்தண்ணி தொடல. மூணாம் நாளு பெத்தணன் களி உருண்டையைக் கொண்டுபோய் வச்சான். திங்கல. அவன் தொண்டையைப் பாத்துச்சாம். வேற வழியில்லாம பாதியைக் கடிச்சு முழுங்குனான். "தின்னுடா"ன்னான். தின்னுச்சு. நாய்க்கு என்ன தெரியும், எவன் கையின்னு.

உடனே செத்துப் போயிருந்தாலும் தேவலாம். ரெண்டு வருசம் இருந்துச்சாம் அது. பிரண்டையோ வேப்பங்கொழுந்தோ, தெனமும் அவன் முழுங்கணும், அது உக்காந்து தொண்டையைப் பாக்கணும். பெத்தணன் சாகுறப்ப மகன் கேட்டானாம், "நீ அன்னைக்கு ஓடி வந்தியா, நடந்து வந்தியா?" அவன் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டானாம்.

அதுலருந்துதான் இந்த ஊருல, மனுசனுக்கோ மாட்டுக்கோ யாரு மருந்து குடுத்தாலும் கொண்டாந்தவன் முதல்ல வாயில போட்டுக் காட்டணும். போன மாசம் கெடா ஆட்டுக்கு மாத்திரை கொண்டாந்த டாக்டரைக்கூட, "முழுங்கிக் காட்டிட்டுக் குடுங்க"ன்னு நிப்பாட்டிட்டாங்க. அவரு ஓரத்துல ஒரு துளி கிள்ளி நாக்குல வச்சுக்கிட்டு, வாயில்லாச் சீவன் மேல உங்களுக்கு எம்புட்டுப் பாசம்னு மெச்சிட்டுப் போனாரு.

பாசமாவது ஒண்ணாவது. எங்களுக்குள்ள ஒருத்தனை ஒருத்தன் நம்ப மாட்டோம், அதான் சங்கதி. அங்காயி வம்சம்னு வெளியூருல பெருமையாச் சொல்லிக்கிறோமே, அவளுக்கு ஏது பிள்ள? இந்த ஊருல முக்காவாசிப் பேரு பெத்தணன் வம்சம். நானுந்தான்.