விலகாத ஒருவர்

எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. நடந்துகொண்டே சொல்கிறேன், விசாரணைக் குழுவினர் தப்பாக நினைக்காதீர்கள். "கொஞ்சம் உக்காரு லா சுபா, எனக்குத் தலை சுத்துது" என்று வைரவன் அங்கிளும் சொல்வார்.

என் முனைவர் பட்ட ஆய்வு, தனியாக வாழும் முதியோரைப் பற்றியது. அவர்களுக்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும். கிள்ளானில் இருந்த அம்மாளை மகன் கூட்டிப்போய்விட்டார். பெட்டாலிங் ஜெயாக்காரர் முதியோர் இல்லத்துக்குப் போனார். ஒவ்வொருவராக விலகி, கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் வைரவன் அங்கிள் மட்டும் மிஞ்சினார்.

அப்போதுதான் பெர்த்திலிருந்து அவர் மகள் உஷாராணி என்னைக் கூப்பிட்டார்.

"அப்பாவ இங்கேயே கூட்டிட்டு வந்திடலாம்னு இருக்கேன். நீங்க இதையே ஸ்டடி பண்றவங்க, என்ன நினைக்கிறீங்க?"

இந்த வயதில் இடம் மாற்றினால் குழம்பிப்போவார் என்றேன். சிலருக்கு அப்படி ஆவதுண்டு. அடிக்கடி பேசினால் ஏக்கம் கூடும், குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அழுதார். பிறகு சரி என்றார்.

அங்கிளிடம், மகளுக்கு இப்போது வசதிப்படவில்லை, நீங்களாகக் கூப்பிட்டால் அவருக்குச் சங்கடம் என்றேன். அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சன்னலுக்கும் வாசலுக்குமாக நடக்கத் தொடங்கினார். சில நாள் நானும் கூடவே நடந்தேன். சாப்பாடு குறைந்தது. சட்டை தொளதொளத்தது. டாக்டரிடம் காட்டியிருக்கலாம். வார்டில் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் அவர் தனியாக வாழும் முதியவர் இல்லையே. அதனால் வாராவாரம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதுதான் என் வேலை.

கடைசிப் பேட்டியில், உங்களுக்கு நெருக்கமானவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"ஏன், நீ இருக்கியேம்மா."

ஆய்வாளரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. யாருமில்லை என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் போனபோது கதவை யாரும் திறக்கவில்லை. கீழ்வீட்டு அக்காவிடம் சாவி வாங்கித் திறந்தேன். சன்னலோரம் கிடந்தார்.

மகளை நிறுத்தியது நான். மெலிவதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் அவர் சாவு வீண்போகக் கூடாது. ஆய்வு முடிவை மட்டும் வெளியிட விடுங்கள். அவரைப் போன்றவர்களை வாரம் ஒருமுறை யாராவது போய்ப் பார்த்தாலே போதும், பிழைத்துக்கொள்வார்கள்.